ஆவடிக்கு எதற்கு ஸ்வெட்டர்?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று ஒரு பழமொழி. வாங்குகிறவன் வாயை மூடுவதற்கென்றே கண்டுபிடித்த பழமொழி இது. கொடுக்கிறவன் கொடுப்பதற்கு முன்னால் பல்லைப் பார்த்தானா என்று யாரும் கேட்டதில்லை. பல் போன மாட்டை ஓட்டிவிட்டுப் புண்ணியக் கணக்கில் ஒரு வரவு எழுதிக்கொள்ளும் வசதி நாட்டில் எல்லோருக்கும் இருக்கிறது.

அதாகப்பட்டது, விஷயம் மாடு அல்ல, ஸ்வெட்டர். இன்னும் சரியாகச் சொன்னால் கையால் பின்னி, தர்மத்துக்குக் கொடுக்கப்படும் கம்பளிச் சமாச்சாரங்கள். டிசம்பர் வந்தால் போதும், கல்லூரிகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி முளைத்துவிடும். "ஏழைகளுக்குக் கம்பளி தாரீர்!" அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வருஷத்தில் பத்து மாசம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வியர்வை துடைக்கும் ஜனங்கள், மார்கழியில் காலை நடைக்குக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் ஊரே குளிரில் நடுங்குவதாக முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பின்னல் கெட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பின்னல் அற்புதமான வேலை. ஊசியும் நூல்கண்டும் வைத்துக்கொண்டு முழு உடுப்பையே உண்டாக்கும் கை சாதாரணக் கை இல்லை. அந்தக் கையின் உழைப்பு வீணாகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. வீணாக்குவது சோம்பேறிகளும் அல்ல, நல்ல மனசுக்காரர்கள். அதனால்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை.

நாகப்பட்டினம் சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் அதிகம் அடிவாங்கிய மாவட்டம் நாகப்பட்டினம். நாடு முழுவதும் இருந்து லாரி லாரியாகத் துணிகள் வந்து இறங்கின. பழைய துணி, கிழிந்த துணி, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத துணி, கடற்கரைக்குச் சம்பந்தமே இல்லாத கம்பளி. சாலையோரத்தில் மலை மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, மாடு படுத்துக்கொள்ள உதவின. மீனவர்கள் அதைத் தொடவில்லை. வீட்டையும் வலையையும் இழந்தவர்கள் மானத்தையுமா இழந்துவிட்டார்கள்? "இந்தத் திமிரைப் பாரேன்" என்று அப்போது முணுமுணுத்தவர்களும் உண்டு. பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதல்லவா!

அந்தக் குவியலைப் பார்த்து உருப்படியாக யோசித்த அமைப்பு டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச். அன்ஷு குப்தா 1999-ல் ஆரம்பித்தது. யாரும் தொடாத துணியைத் தரம் பிரித்து, பயன்படும் பொருளாக மாற்றினார்கள். துணியிலிருந்து மாதவிடாய்க்கால நாப்கின் செய்யும் அவர்களது திட்டம் வளர்ந்ததற்குப் பின்னால் இந்தச் சுனாமித் துணிக்கும் பங்கு உண்டு. கூஞ்ச் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யாருக்கு என்ன தேவை? லாரியில் ஏற்றும் முன் ஆயிரம் பேர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பழைய துணியை விடுங்கள், அது வீட்டு அலமாரியைக் காலி செய்யும் வேலை. கையால் பின்னிக் கொடுப்பது அப்படியில்லையே, நேரமும் அன்பும் போட்டதாயிற்றே என்று கேட்கலாம். நியாயம். ஆனால் வேண்டாத பொருளை ஐந்து நிமிஷத்தில் கொடுத்தாலும் ஐம்பது மணி நேரம் பின்னிக் கொடுத்தாலும் வாங்குகிறவனுக்கு அது வேண்டாத பொருள்தான். ஐம்பது மணி நேரம் போட்டதில் நஷ்டம் இன்னும் பெரிசு.

ஐம்பது கிரவுண்ட் போர்வை

2016 ஜனவரி 31. சென்னையில் 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, சுபஶ்ரீ நடராஜன் தலைமையில், உலகிலேயே பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் சாதனை செய்தது. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் 50 கிரவுண்ட்! அம்பத்தூரில் 50 கிரவுண்ட் நிலம் என்ன விலை என்று யோசித்தால் தலை சுற்றும். அத்தனையும் ஊசியால் கொக்கி போட்டு இழுத்த நூல். சாதனைக்காகச் சேர்த்த துண்டுகளைப் பிரித்து இல்லாதவர்களுக்கு வழங்குவதாகவும் சொன்னார்கள்.

இந்தச் சாதனையைக் கிண்டல் செய்தால் நாக்கு அழுகும். வீட்டுக்குள் தனித்தனியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பெண்களை ஓரிடத்தில் சேர்ப்பது சின்ன வேலை இல்லை. இந்த ஊரில் பின்னத் தெரிந்த கைகள் இத்தனை இருக்கின்றன என்று உலகத்துக்குக் காட்டிய நாள் அது. கேள்வி வேறு. இத்தனை கைகள் இருக்கும் ஊரில், அந்தக் கைகளிடம் எதற்காகப் போர்வையைக் கேட்க வேண்டும்?

போர்வை என்ற யோசனை நன்றாக வேலை செய்யும் ஊர் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கரோலின் ஸ்டெய்ன் என்பவர் ஆரம்பித்த '67 போர்வைகள்' இயக்கம். மண்டேலாவின் உதவியாளராக இருந்த செல்டா லா கிராஞ் விடுத்த சவாலில் பிறந்தது. மண்டேலா பொதுவாழ்வில் இருந்த 67 வருஷத்துக்கு 67 போர்வை. அவர் பிறந்த நாள் ஜூலை 18. ஜூலை அங்கே நடுக் குளிர்காலம். ஜோகனஸ்பர்க் பக்கம் இரவில் உறைபனி விழும். போர்வை கையில் கிடைத்த அன்றைக்கே போர்த்திக்கொள்ளலாம்.

ஆக, அங்கே தேவை முதலில் வந்தது, பின்னல் பிறகு வந்தது. இங்கே பின்னல் முதலில் வந்துவிட்டு, தேவையைத் தேடி அலைகிறது. சென்னையில் நடைபாதையில் படுப்பவருக்கு எதிரி குளிர் இல்லை; மழை, கொசு, வெயில். நனைந்த கம்பளியைப் போல் உபயோகமற்ற வஸ்து உலகத்தில் வேறு இல்லை. காய்வதற்கே இரண்டு நாள் ஆகும், காய வைக்க அவருக்குக் கொடிக்கயிறும் கிடையாது. நிஜமாகவே குளிரும் தமிழர்கள் நீலகிரியிலும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலும் கொடைக்கானல் மலைக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். ஆவடியில் பின்னுகிறவர்கள் அங்கே அனுப்பினால் சரி. ஆனால் பெட்டி முளைக்கும் இடமும் பெட்டி போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் ஒரே பின்கோடு!

பி.காம். அறிவாளிகளுக்கு

இந்த இடத்தில் வணிகவியல் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். "அப்படிப் போடு! பின்னவே வேண்டாம், காசாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே?" காஸ்டிங் பாடம் படித்த கர்வம். சரி, அவர்கள் பாணியிலேயே ஒரு காஸ்ட் ஷீட் போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு.

ஒரு பெரியவர் ஸ்வெட்டருக்கு நூல் 300 ரூபாய். பின்ன 25 மணி நேரம். உழைப்பை மணிக்கு 50 ரூபாய் என்று படுகேவலமாக மதிப்பிட்டாலும் 1,250 ரூபாய். மொத்தம் 1,550. அதே காசுக்கு, ஒன்று 500 ரூபாய் என்று வைத்தால், கடையில் மூன்று ஸ்வெட்டர் வாங்கலாம், கையில் 50 ரூபாய் மிச்சம். திருப்பூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அந்த ஊரின் மெஷின்களோடு போட்டி போட்டு, ஊசி பிடித்த கை எந்தக் காலத்திலும் ஜெயிக்காது.

ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். மெஷின் செய்யும் பொருளை, மெஷினை விட மெதுவாக, அதிகச் செலவில் பின்னித் தானம் கொடுப்பது பொருளாதாரத்தில் முட்டாள்தனம்.

ஆனால் அறிவாளிகளின் கணக்கு இத்தோடு நின்றுவிடுகிறது. மெஷின் எதைச் செய்யாது என்று அவர்கள் கேட்பதே இல்லை. ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் விற்றால்தான் மெஷினுக்குக் கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு, கொஞ்சம் பேருக்கு மட்டும் தேவை, அந்தக் கொஞ்சம் பேரிடமும் காசு இல்லை என்றால் சந்தை அந்தப் பக்கமே திரும்பாது. பாடப்புத்தகத்தில் சந்தைத் தோல்வி என்று ஒரு அத்தியாயம் வருமே, மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோமே, அதுதான். கைப்பின்னல் தானம் நிற்க வேண்டிய இடம் அந்த ஓட்டை. அங்கே மெஷினோடு போட்டியே இல்லை.

அப்படி ஓட்டை நிஜத்தில் இருக்கிறதா? இரண்டு உதாரணம்.

முதல் உதாரணம்: யாரும் பேசாத பொருள்

சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஒரு காலத்தில் கருப்பைவாய்ப் புற்று முதலிடத்தில் இருந்தது. இப்போது மார்பகப் புற்று முதலிடத்தில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு எத்தனையோ ஏழைப் பெண்கள் வந்து சிகிச்சை பெற்று, மார்பகத்தை இழந்து, உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அதற்குப் பிறகு?

சிலிக்கான் செயற்கை மார்பகம் கடையில் கிடைக்கும். விலை சில ஆயிரம். கனம். சென்னை வெயிலில் உள்ளே வியர்த்து ஊறும். வாங்க முடியாதவர்கள் கைக்குட்டையையும் பழைய துணியையும் சுருட்டி வைத்துக்கொண்டு, நாள் முழுக்க அது நகராமல் இருக்கிறதா என்ற கவலையோடு பஸ்ஸில் நிற்கிறார்கள். வீட்டில்கூட யாரிடமும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்பரா டெமோரெஸ்ட், 2011-ல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பின்னி எடுத்த பருத்தி மார்பகம் பற்றித் தெரிந்துகொண்டார். தோழி ஒருவர் பின்னிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற அமைப்பு. மிருதுவான நூல், உள்ளே பஞ்சு, எடை கொஞ்சம், சாதாரண உள்ளாடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், துவைக்கலாம். கேட்கிறவர்களுக்கு இலவசம். பேட்டர்னும் இலவசம். இந்தியாவிலும் தன்னார்வலர்கள் இதைப் பின்னித் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் இது மாற்று என்று சொல்ல முடியாது. இரண்டு பக்க எடையும் சமமாக இருக்க சிலிக்கான்தான் நல்லது என்று மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஆனால் கைக்குட்டைக்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த அமைப்பு கிடைத்த நூலில் பின்னி அனுப்ப விடுவதில்லை. எந்த நூல் சரி என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். அறுவைத் தழும்பு மேல் படும் பொருள், சொரசொரப்பான கம்பளி கூடவே கூடாது. அளவுகள் வரிசையாக இருக்கின்றன. அன்பு இருந்தால் போதும் என்று யாரும் வசனம் பேசுவதில்லை.

இரண்டாவது உதாரணம்: குல்லா

"சென்னையில் யாருக்கும் குளிராது" என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. சித்திரை வெயிலில் பிறந்தாலும் அதற்குக் குளிரும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் ஆரம்பித்த கங்காரு பராமரிப்பு முறையில், குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைப்பார்கள். குழந்தை போட்டிருப்பது ஒரு நாப்கின், சாக்ஸ், தலையில் குல்லா. குறைமாதக் குழந்தைக்கு இதைப் பிறந்தவுடனேயே தொடங்கச் சொல்லி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கடைக் குல்லா நிறை மாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். 32 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 29 சென்டிமீட்டர். நிறை மாதத்தில் சுமார் 34. அந்த ஐந்து சென்டிமீட்டர்தான் ஓட்டை. அங்கே ஒரு கை பின்னினால் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் எப்படிப் பின்னுவது? கணக்கைப் பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி விழும்படி பின்னுகிறவர், 29 சென்டிமீட்டர் தலைக்குக் கொஞ்சம் இறுக்கமாக 26 சென்டிமீட்டர் குல்லா வேண்டுமென்றால் 52 கண்ணி போட வேண்டும். அதே 52 கண்ணியைக் கை தளர்ந்த இன்னொருவர், 10 சென்டிமீட்டருக்கு 17 கண்ணி விழும்படி பின்னினால் குல்லா 30 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தலையை விடப் பெரிசு. கண்ணை மறைத்து மூக்கில் இறங்கும். மூச்சு விடவே சிரமப்படும் குழந்தைக்கு இது விளையாட்டு இல்லை. பொத்தான், ரிப்பன், உச்சியில் ஒரு நூல் பந்து எதுவும் கூடாது. ஆஸ்பத்திரியில் வெந்நீரில் துவைப்பதைத் தாங்க வேண்டும், ஆகவே பருத்தி. அதோடு குழந்தை தேறி வீட்டுக்குப் போன பிறகு, புழுக்கமான அறையில் தூங்கும்போது இந்தக் குல்லாவைப் போடக் கூடாது என்பதையும் தாய்க்குச் சொல்ல வேண்டும். சூடு அதிகமானாலும் ஆபத்து.

இத்தனையையும் யார் யோசிப்பது? பேட்டர்ன் எழுதுகிறவர்.

நூலை விடப் பெரிய முதலீடு

தர்மப் பின்னலில் நூல் கொடுத்தவருக்குக் கைதட்டு, பின்னியவருக்குப் பொன்னாடை, விழாவுக்கு வந்தவருக்கு மாலை. பேட்டர்ன் வடிவமைத்தவர் யார் என்றே யாருக்கும் தெரியாது. நிஜத்தில் முதல் மரியாதை அவருக்குத்தான் போக வேண்டும்.

மறுபடி காஸ்டிங். ஒரு நல்ல குல்லா பேட்டர்னை உருவாக்க, மருத்துவமனை நர்ஸிடம் கேட்டு, மூன்று பேரைப் பின்னச் சொல்லிச் சோதித்து, திருத்த 40 மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். பத்துக் குல்லாவோடு நின்றால் ஒரு குல்லாவின் தலையில் 4 மணி நேரம் ஏறும். ஆயிரம் குல்லா பின்னினால் ஒன்றுக்கு 2.4 நிமிஷம். நிலையான செலவு என்று இரண்டாவது செமஸ்டரில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நூல் ஒரு முறை, உழைப்பு ஒரு முறை. பேட்டர்ன் மட்டும் தீரவே தீராத முதல். தப்பான பேட்டர்னும் அப்படித்தான், ஆயிரம் குல்லாவையும் சேர்த்துக் கெடுக்கும்.

உலகத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. டென்மார்க்கில் 2013-ல் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆக்டோபஸ் பொம்மை பின்ன ஆரம்பித்தார்கள். விதி என்ன தெரியுமா? முழுக்கப் பருத்தி, 60 டிகிரியில் துவைக்க முடிய வேண்டும், கால் இழுத்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையின் கழுத்தில் சுற்றலாம். அந்தப் பொம்மையால் குழந்தைக்கு மருத்துவப் பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் அளவு சொல்லும் ஒழுக்கத்தைப் பாருங்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில், கடலில் கொட்டிய எண்ணெயில் மாட்டிய பென்குயின்களுக்குச் சின்ன ஸ்வெட்டர். குளிப்பாட்டும் வரை அவை எண்ணெயை அலகால் கொத்தி விழுங்காமல் இருக்க. நிஜமான தேவை, நல்ல பேட்டர்ன். ஆனால் உலகமே "ஐயோ, எவ்ளோ க்யூட்!" என்று பின்னி அனுப்பியதில் பென்குயினை விட ஸ்வெட்டர் அதிகமாகி, மிச்சத்தைப் பென்குயின் பொம்மைக்கு மாட்டி விற்று நிதி திரட்டினார்கள். பேட்டர்ன் மட்டும் போதாது, எத்தனை வேண்டும் என்ற எண்ணும் கூடவே வர வேண்டும்.

தமிழில் ஏன் இல்லை?

அடுத்த வயிற்றெரிச்சல் இது. பின்னல் பேட்டர்ன் என்றால் ஆங்கிலம்தான். அதுவும் சுருக்கெழுத்து ஆங்கிலம். அதற்குள் அமெரிக்கா - பிரிட்டன் குழாயடி வேறு: அமெரிக்காக்காரன் 'சிங்கிள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டன்காரன் 'டபுள் குரோஷே' என்கிறான். எந்த நாட்டுப் பேட்டர்ன் என்று தெரியாமல் பின்னினால் குல்லாவின் அளவே மாறிப்போகும். பத்தாவது வரை தமிழில் படித்த ஒரு அம்மா, கையில் அபாரத் திறமை இருந்தும், இதைப் பார்த்து "நமக்கு இதெல்லாம் வராதும்மா" என்று ஒதுங்குகிறார்.

வராதா? வாசலில் தினமும் கோலம் போடுகிறவருக்கா? "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று சொன்னால் போதும், மொத்த டிசைனும் அவர் மனசில் விரிந்துவிடுகிறது. அது பேட்டர்ன் மொழி இல்லாமல் வேறென்ன? ஒயர் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பெயர் வைத்துப் பின்னுகிறார்களே, அது பேட்டர்ன் இல்லையா? எத்தனை ஒயர், எத்தனை முடிச்சு என்பது எல்லாம் வாய்வழியாகவே இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகிறது. டிசைன் செய்யும் மூளை தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எழுதினால் இன்னொரு கதவும் திறக்கும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பின்னல் முழுக்க விரல் வேலை. கண்ணிகளைத் தொட்டே எண்ணலாம். கட்டம் கட்டமாக வரைந்த சார்ட் அவர்களுக்கு உதவாது. ஆனால் "12 கண்ணி, அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு" என்று வார்த்தையில் எழுதிய பேட்டர்னை அப்படியே பிரெய்லில் அடிக்கலாம். வாங்கிக்கொள்ளும் பக்கத்திலேயே எப்போதும் நிறுத்தி வைக்கப்படுகிறவர்கள் கொடுக்கும் பக்கத்துக்கு வர ஒரு வழி. ஸ்வெட்டர் பெட்டிக்கு இது தோன்றுமா?

பெண்களின் 'சும்மா இருக்கிற நேரம்'

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. தர்மம், சேவை என்று சொல்லிக் கடைசியில் பெண்களை இலவசமாக வேலை வாங்குவதுதானே இது?

ஆந்திராவின் நர்சாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். மணிக்கணக்காகப் பின்னி, ஏற்றுமதிச் சரக்கு தயாரித்த அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லி அற்பக் கூலி. சும்மா இருக்கிற நேரம் என்ற ஒரு வார்த்தை எத்தனை பேரின் லாபமாக மாறியது!

அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளின் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் பள்ளி நடந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர், தாங்கள் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் லேஸ் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணம் எல்லோருக்கும் தெரியும். எலிசாவின் ஊசி யாருக்குத் தெரியும்?

ஒரே ஊசிதான். கூலியைக் கணக்கில் எழுதிய இடத்தில் விடுதலை, எழுதாத இடத்தில் சுரண்டல். ஆகவே தானத்துக்குப் பின்னினாலும் மணி நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பேட்டர்னில் வடிவமைத்தவர் பெயர் இருக்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு, "நல்ல காரியம்தானே, சும்மா கொடுத்தால் என்ன?" என்று நெருக்குவது திருட்டின் மரியாதையான வடிவம். அதோடு, ஆம்பளைப் பசங்களுக்கும் பத்து விரல் இருக்கிறது. மீன் வலையையும் கட்டிலையும் பின்னிய இனத்துக்கு நாலு கண்ணி போட என்ன வெட்கம்?

ஆவடியில் இருந்தே தொடங்கலாம்

உலகப் போர்களின்போது வீட்டுப் பெண்கள் படைவீரர்களுக்குப் பின்னி அனுப்பிய சாக்ஸ், மஃப்ளர் இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்ஸ்' என்று பெயர். சாக்ஸின் முனையில் தையல் மேடு விரலை அறுக்காமல் மூடும் முறைக்கு இன்றும் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் பெயர்தான். இன்றைக்கு ஆவடியில் ராணுவ உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது, 1961-ல் வந்தது. 2021 முதல் அது இருக்கும் அரசு நிறுவனத்தின் பெயர் 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்'. பெயர் மிஞ்சியிருக்கிறது, வேலை முழுக்க மெஷினுக்குப் போய்விட்டது. சரியாகத்தான் போயிருக்கிறது. அளவுப் பட்டியலும் தரப் பரிசோதனையும் இல்லாமல் எந்த ராணுவமும் உடை வாங்காது. குறைமாதக் குழந்தைக்கும் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணுக்கும் மட்டும் கையில் கிடைத்ததைப் பின்னிக் கொடுத்தால் போதுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்த அனுபவம் உள்ள பெண்கள் எத்தனையோ பேர். அளவும் தரமும் அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் எந்தக் கல்லூரி மாணவனும் பிழைத்துக்கொள்வான் (சொல்லிக்கொடுப்பதற்குக் காசு கொடுக்க வேண்டும், மறக்க வேண்டாம்). நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் 20 மணி நேரம் மட்டும் இதற்கு. பத்து மணி கற்றுக்கொள்ள, பத்து மணி பின்ன. நூறு பேர் என்றால் பின்னும் நேரம் ஆயிரம் மணி. புதுக்கை, ஒரு குல்லாவுக்கு நாலு மணி என்றாலும் 250 குல்லா. கின்னஸ்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பின்ன உட்காரும் முன் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், பிரசவ வார்டு நர்ஸிடம் "குல்லா வேண்டுமா? என்ன அளவு? எத்தனை?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். "வேண்டாம் தம்பி, எங்களிடம் இருக்கிறது" என்று அவர் சொன்னால் அதுவும் பதில்தான். நன்றி சொல்லிவிட்டு வேறு தேவையைத் தேட வேண்டும்.

அந்தப் பதிலைக் கேட்கப் பயந்துதான் பாதிப் பேர் கேட்காமலே பின்னுகிறார்கள். இந்த டிசம்பரிலும் அட்டைப்பெட்டி வரும். அதன் மேல் "கம்பளி தாரீர்" என்று எழுதுவதற்குப் பதிலாக, யாருக்கு, என்ன நூல், எத்தனை சென்டிமீட்டர், எத்தனை உருப்படி என்று நாலு வரி எழுத முடிந்தால் பெட்டியை வையுங்கள். எழுத முடியாவிட்டால் பெட்டியை மடித்துப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். கிலோவுக்கு ஏதாவது கொடுப்பார்.

டிஸ்கி: பாட்டி பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அளவு சரியில்லாவிட்டாலும் மே மாசமானாலும் மூச்சுக் காட்டாமல் போட்டுக்கொள்ள வேண்டியது :-)